செர்ரி மரங்களை இனங்காணல்

செர்ரி என்பது ரோசாக் குடும்பத்தைச் சேர்ந்த புரூனஸ் என்னும் பேரினத்தில் அடங்கும் பல மரங்களுக்கும் குறுமரங்களுக்கும் வழங்கும் பொதுப்பெயர் ஆகும். தமிழில் இது சேலா எனவும் எழுதப்படுவதுண்டு. பிளம், பீச், ஆப்ரிகாட், வாதுமை ஆகியனவும் இதே பேரினத்தைச் சேர்ந்தவை. ஆகவே வசந்த காலத்தில் வெண்மையாகவோ இளஞ்சிவப்பாகவோ பூத்து நிற்கும் மரம் ஒன்றைக் கண்டவுடன் அது செர்ரிதான் என்று முடிவு செய்துவிட இயலாது. பட்டை, மொட்டு, இலை, பூ, கனி ஆகிய உறுப்புகளில் குறைந்தது இரண்டையாவது ஒப்பிட்டே செர்ரியை உறுதி செய்வது வழக்கம். இவற்றுள் ஆண்டு முழுவதும் கண்ணுக்குத் தெரிவது பட்டை. மிகத் தெளிவாகப் பிரித்துக் காட்டுவது பூ.

இனங்காண்பதன் தேவை

செர்ரியின் கனிச்சதை உண்ணத்தக்கது. ஆனால் அதன் இலை, இளங்கிளை, பட்டை, கொட்டையினுள் உள்ள பருப்பு ஆகியவற்றில் சயனைடை வெளிவிடக்கூடிய சேர்மங்கள் உள்ளன. இலையிலும் பட்டையிலும் இருப்பது புரூனசின். பருப்பில் இருப்பது அமிக்டலின். இலை முழுமையாக இருக்கும்வரை இச்சேர்மமும் அதைச் சிதைக்கும் நொதியும் தனித்தனியே இருக்கின்றன. இலை நசுங்கும்போதோ வாடும்போதோ இரண்டும் கலந்து ஐதரசன் சயனைடு உருவாகிறது. எனவே மரத்தில் பசுமையாக இருக்கும் இலையைவிட, புயலில் முறிந்து விழுந்து மேய்ச்சல் நிலத்தில் வாடிக் கிடக்கும் கிளையின் இலையே கால்நடைகளுக்குப் பெரிய ஆபத்தாகிறது. வட அமெரிக்காவில் மாடு, ஆடு வளர்ப்போர் வேலியோரத்தில் நிற்கும் கருஞ்செர்ரியை அறிந்து வைத்திருப்பதற்கு இதுவே காரணம்.

2001-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஆயிரக்கணக்கான பெண் குதிரைகளுக்குக் கருச்சிதைவு ஏற்பட்டது. முதலில் கருஞ்செர்ரி இலையின் சயனைடு மீது ஐயம் எழுந்தது. பின்னர் நடந்த ஆய்வுகள், அம்மரத்தின் இலைகளைத் தின்று வளரும் கூடாரப் புழுக்களைக் குதிரைகள் புல்லோடு சேர்த்து விழுங்கியதே காரணம் எனக் காட்டின. குற்றவாளி மாறியபோதும் பண்ணையாளர் செய்ய வேண்டிய முதல் வேலை மாறவில்லை: வேலியில் நிற்பவற்றுள் எது கருஞ்செர்ரி என்று கண்டறிவது. கிளைக்கவட்டில் வெண்பட்டு நூலால் நெய்தது போன்ற இப்புழுக்களின் கூடாரம் தெரிந்தால், அம்மரம் கருஞ்செர்ரியா என்று பார்ப்பது நல்ல தொடக்கமாகும். ஆப்பிள் மரத்திலும் இக்கூடாரங்கள் காணப்படுவதால் அதை மட்டும் சான்றாகக் கொள்ளக்கூடாது.

பட்டை

இளம் செர்ரி மரத்தின் பட்டை வழவழப்பாகவும் பளபளப்பாகவும், சாம்பல் கலந்த செம்பழுப்பு நிறத்திலும் இருக்கும். அதன் மேல் கிடைமட்டமாக நீண்ட கோடுகள் வளையம் வளையமாக அமைந்திருக்கும். இக்கோடுகள் பட்டைத்துளைகள் எனப்படும். பட்டையின் மேற்பரப்பு நீர் புகாத தக்கைத் திசுவாக இருப்பதால், உள்ளிருக்கும் உயிருள்ள திசுக்கள் வளிமப் பரிமாற்றம் செய்வதற்கு இத்துளைகள் வழியாகின்றன. எல்லா மரங்களிலும் பட்டைத்துளைகள் உண்டு. ஆயினும் பெரும்பாலானவற்றில் அவை சிறு புள்ளிகளாகவே இருக்கும். செர்ரியிலோ தண்டு பருக்கும்போது பழைய பட்டை எளிதில் பிளவுபடாமல் சுற்றளவில் விரிந்து கொடுப்பதால், துளைகளும் பக்கவாட்டில் இழுபட்டு நீண்ட கோடுகளாகின்றன. பட்டை உரியும்போதும் நெடுக்காக அன்றிக் குறுக்காகவே, தண்டைச் சுற்றிய நாடா போல உரியும்.

பிர்ச் மரத்திலும் குறுக்குக் கோடுகள் உண்டு. குளிர்காலத்தில் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வது இயல்பு. பிர்ச் பட்டை மெல்லிய தாள் போல அடுக்கடுக்காக உரிவது. அதன் கிளைகளில் பூனைவால் போன்ற இறுகிய பூங்கொத்துகள் குளிர்காலத்திலேயே தொங்கிக்கொண்டிருக்கும். செர்ரியில் இவை இரா. மேலும் செர்ரியின் தண்டில் காயம் பட்ட இடங்களில் தேன் நிறப் பிசின் திரண்டு உறைந்திருப்பதைப் பெரும்பாலும் காணலாம். பிசின் வடிதல் பிளம், பீச் மரங்களிலும் உண்டு என்பதால், அது பிர்ச்சை விலக்க உதவுமேயன்றிச் செர்ரியை உறுதி செய்யாது.

முதிர்ந்த மரத்தில் நிலைமை மாறுகிறது. அடிமரம் கறுத்து, வெடித்து, குறுக்குக் கோடுகள் மறைந்து போகலாம். கருஞ்செர்ரியில் இம்மாற்றம் மிகுதி: பட்டை சிறு சிறு வில்லைகளாக வெடித்து, விளிம்புகள் மேல்நோக்கிச் சுருண்டு, கருகிய அப்பளத் துண்டுகளை ஒட்டி வைத்தது போலத் தோன்றும். இத்தகைய மரங்களில் அடிமரத்தை விட்டு மேல்கிளைகளை நோக்க வேண்டும். அங்கே இளம் பட்டையின் வழவழப்பும் கோடுகளும் அப்படியே இருக்கும்.

திபெத்தியச் செர்ரி எனப்படும் புரூனஸ் செருலா, பட்டைக்காகவே தோட்டங்களில் வளர்க்கப்படுகிறது. செம்பைத் துலக்கியது போல் மின்னும் அதன் தண்டில் பட்டைத்துளை வரிசைகள் வெளிறிய வளையங்களாகத் தெரியும்.

மொட்டுகள்

இலை உதிர்ந்த காலத்தில் பட்டைக்கு அடுத்துப் பார்க்க வேண்டியது மொட்டு. செர்ரியின் கிளை நுனியில் உண்மையான நுனிமொட்டு ஒன்று இருக்கும். பிளம், ஆப்ரிகாட் மரங்களில் நுனிமொட்டு இராது. நுனியில் இருப்பது போலத் தோன்றுவது பக்கமொட்டே. பீச், வாதுமை ஆகியவற்றில் நுனிமொட்டு உண்டு. ஆனால் கணுவுக்கு மூன்று மொட்டுகள் சேர்ந்து அமைவது அவற்றின் இயல்பு. நடுவில் இருப்பது இலைமொட்டு, இரு புறமும் இருப்பவை பூமொட்டுகள்.

செர்ரியின் பழைய கிளைகளில், ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே வளரும் குறுங்கிளைகள் முண்டு முண்டாகத் துருத்திக்கொண்டிருக்கும். அவற்றின் நுனியில் பருத்த மொட்டுகள் கொத்தாகக் குழுமியிருக்கும். பூக்கள் பெரும்பாலும் இவற்றிலிருந்தே வெளிவருவதால், பூத்த மரத்தில் கிளை நெடுகிலும் பூப்பந்துகள் கோத்தது போன்ற தோற்றம் கிடைக்கிறது.

இலைகள்

செர்ரி இலை தனியிலை, மாற்றடுக்கில் அமைவது, விளிம்பில் ரம்பப் பற்கள் கொண்டது. இவ்வளவு மட்டும் சொன்னால் அது நூற்றுக்கணக்கான மரங்களுக்குப் பொருந்தும். பிரித்தறிய உதவுவது இலைக்காம்பின் மேல்முனையில், இலைப்பரப்பு தொடங்கும் இடத்துக்கு அருகே உள்ள சிறு சுரப்பிகளே. குண்டூசித் தலை அளவில், பெரும்பாலும் சிவப்பாக, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட எண்ணிக்கையில் இவை காணப்படும். விரல் நுனியால் காம்பைத் தடவினாலே தட்டுப்படும்.

இச்சுரப்பிகள் தேன் சுரப்பவை. பூவுக்கு வெளியே அமைந்த இத்தேனை நாடி எறும்புகள் வருகின்றன. வந்த எறும்புகள் இலையைத் தின்ன வரும் சிறு புழுக்களைத் தாக்குகின்றன. கருஞ்செர்ரியில் மொட்டு விரிந்த முதல் சில வாரங்களில்தான் தேன் மிகுதியாகச் சுரக்கிறது. எறும்புகளால் கொல்லக்கூடிய அளவில் கூடாரப் புழுக்கள் சிறியனவாக இருப்பதும் அந்த வாரங்களில்தான். பின்னர் சுரப்பு குறைந்துவிடும். ஆனால் சுரப்பி உலர்ந்து சிறுத்தும் இலை உதிரும் வரை காம்பிலேயே தங்கியிருக்கும்.

பீச் முதலிய உறவு மரங்களிலும் சிலவேளை சுரப்பிகள் உண்டு. பீச், வாதுமை இலைகள் ஈட்டி போல நீண்டு குறுகியவை. செர்ரி இலை அகன்று, நுனியில் திடீரெனக் கூர்மையாக முடிவது. பிளம் மரத்தோடு ஐயம் ஏற்பட்டால் இளந்தளிரைப் பார்க்கலாம். செர்ரியின் தளிர் நடுநரம்பு வழியே புத்தகம் போல இரண்டாக மடிந்து வெளிவரும். ஐரோப்பியப் பிளம், ஆப்ரிகாட் ஆகியவற்றின் தளிர் பாய் சுருட்டியது போலச் சுருண்டு வெளிவரும்.

கிளையை இலேசாகக் கீறினால் கசப்பு வாதுமை மணம் எழும். இது பேரினம் முழுமைக்கும் பொதுவான அடையாளம். சயனைடின் மணத்தை உணரும் திறன் எல்லோருக்கும் இருப்பதில்லை என்பதால், மணம் வரவில்லை என்பதைக் கொண்டு செர்ரி அல்ல என முடிவு செய்யக்கூடாது. இலையையோ கிளையையோ மென்று பார்ப்பது கூடாது.

பூக்கள்

செர்ரிப் பூவில் ஐந்து புல்லிகளும் ஐந்து இதழ்களும் பல மகரந்தத் தாள்களும் ஒரு சூலகமும் உள்ளன. இந்த அமைப்பு பிளம் பூவுக்கும் பீச் பூவுக்கும் பொதுவே. வேறுபாடு பூக்காம்பிலும் இதழ் நுனியிலும் இருக்கிறது. செர்ரியில் ஒரே மொட்டிலிருந்து இரண்டு முதல் ஆறு பூக்கள் வரை, ஒவ்வொன்றும் நீண்ட காம்புடன், குடைக்கம்பிகள் போல ஒரு புள்ளியிலிருந்து விரியும். இதழின் நுனியில் சிறு வெட்டு இருப்பது ஜப்பானியச் செர்ரிகளில் மிகத் தெளிவு. ஜப்பானில் ஊமே எனப்படும் மரத்தின் பூ, காம்பு இல்லை எனும்படி கிளையோடு ஒட்டியிருக்கும். இதழ் நுனி வட்டமானது. பீச் பூவும் கிளையை ஒட்டியே இருக்கும். அதன் இதழ் நுனி சற்றுக் கூர்மையாக முடிவதுண்டு. ஊமே பெரும்பாலும் பிப்ரவரியிலும், பீச் மார்ச்சிலும், செர்ரி மார்ச் இறுதியிலும் பூப்பது வழக்கம் எனினும், வகைக்கும் இடத்துக்கும் ஏற்ப இக்காலங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால், நாட்காட்டியை விடக் காம்பை நம்புவதே நன்று.

பறவைச் செர்ரி, கருஞ்செர்ரி, சோக்செர்ரி ஆகியவை இதற்கு விலக்கு. அவற்றின் பூக்கள் சிறியவை. ஒரு நீண்ட நடுக்காம்பின் இரு புறமும் வரிசையாக அமைந்து, விரல் நீளத் தூரிகை போலத் தொங்கும். தாவரவியலாளர் சிலர் இவற்றைப் பிற செர்ரிகளிலிருந்து தனிப் பேரினமாகப் பிரித்ததும் உண்டு.

தோட்டங்களில் வளர்க்கப்படும் அடுக்குச் செர்ரிகளில் மகரந்தத் தாள்கள் இதழ்களாக மாறியிருப்பதால் ஐந்து இதழ் விதி பொருந்தாது. ஃபுகென்சோ என்னும் வகையில் சூலகமும் மாறி, பூவின் நடுவில் இரண்டு சிறு பச்சை இலைகளாக நீட்டிக்கொண்டிருக்கும். யானை மேல் அமர்ந்த ஃபுகென் போதிசத்துவரின் யானைத் தந்தங்களை அவை நினைவூட்டியதால் அப்பெயர் வந்தது.

கனி

செர்ரிக்கனி ஒற்றைக் கொட்டை கொண்ட உள்ளோட்டுச் சதைக்கனி. பிளம் கனியின் மேல் கையால் துடைத்தால் நீங்கும் வெண்ணிற மெழுகுப் படலம் இருக்கும், செர்ரியில் இராது. பீச், ஆப்ரிகாட், வாதுமை ஆகியவற்றின் கனித்தோல் மென்மயிர் கொண்டது. செர்ரித் தோல் வழவழப்பானது. செர்ரிக் கொட்டை ஏறக்குறைய உருண்டை. பிளம் கொட்டை தட்டையானது. நீண்ட காம்பில் இரண்டு மூன்றாகத் தொங்குவதும் செர்ரிக்கே உரியது.

சில முக்கிய இனங்கள்

உலகச் சந்தையில் விற்கும் பழங்கள் பெரும்பாலும் இரண்டு இனங்களிலிருந்து வருகின்றன. இனிப்புச் செர்ரி, அதாவது புரூனஸ் ஏவியம், நேரான அடிமரத்துடன் 15 முதல் 30 மீட்டர் வரை உயரும் பெரிய மரம். அதன் இலை மங்கிய பச்சை நிறமுடையது, சற்றே தொங்குவது, காம்பில் சிவந்த சுரப்பிகள் தெளிவாகத் தெரியும். புளிப்புச் செர்ரி, அதாவது புரூனஸ் செராசஸ், 10 மீட்டருக்கு மேல் வளர்வது அரிது. வேரிலிருந்து பல கன்றுகளை விட்டுப் புதராக நிற்கும். அதன் இலை சிறியது, தடித்தது, மேற்புறம் பளபளப்பானது. பூத்திருக்கும்போது கொத்தின் அடியைப் பார்த்தால் ஐயம் தீரும்: புளிப்புச் செர்ரியில் மொட்டுச் செதில்களுடன் சிறு இலைகளும் இருக்கும், இனிப்புச் செர்ரியில் செதில்கள் மட்டுமே இருக்கும். இரண்டும் கலந்த கலப்பினங்களும் பயிரிடப்படுவதால், இடைப்பட்ட தோற்றமுள்ள மரங்களையும் எதிர்பார்க்கலாம்.

அமெரிக்காவின் கருஞ்செர்ரியும் சோக்செர்ரியும் பூவில் ஒத்திருப்பவை. கருஞ்செர்ரியின் இலைப்பற்கள் உள்நோக்கி வளைந்து மழுங்கியவை. இலையின் அடிப்புறத்தில் நடுநரம்பின் இரு பக்கமும் துரு நிற மயிர் வரிசை இருக்கும். பழுத்த கனியின் தலையில் புல்லிவட்டம் உதிராமல் சிறு தட்டாக ஒட்டியிருக்கும். சோக்செர்ரியின் பற்கள் மெல்லியவை, கூரியவை, வெளிநோக்கியவை. கனியில் புல்லிவட்டம் தங்குவதில்லை. முன்னது பெருமரம், பின்னது பெரும்பாலும் புதர். இலையின் நஞ்சு இரண்டுக்கும் உண்டு.

ஜப்பானியச் செர்ரிகளைப் பிரித்தறிவதே இத்துறையில் மிகக் கடினமானது. அங்கு மயிர், புல்லிக்குழல், தளிரின் நிறம் ஆகிய நுண்ணிய கூறுகளே துணை. யமாசகுரா எனும் மலைச் செர்ரியில் செந்நிறத் தளிரும் பூவும் ஒருங்கே தோன்றும். பூக்காம்பில் மயிர் இல்லை. ஓஷிமா செர்ரியின் தளிர் பச்சை, பூ வெண்மை, புல்லிகளின் விளிம்பில் நுண்பற்கள் உண்டு. உப்பிட்ட இதன் இலையில்தான் சகுராமோச்சி என்னும் இனிப்பைப் பொதிகின்றனர். எடோஹிகான் செர்ரியின் புல்லிக்குழல் அடியில் பானை போல உப்பி, மேலே குறுகியிருக்கும். ஓஷிமாவும் எடோஹிகானும் கலந்து பிறந்த சோமெய்-யோஷினோ, இன்று ஜப்பானில் மிகுதியாக நடப்பட்டிருக்கும் செர்ரி. இலை வருமுன் பூப்பதைத் தாயான எடோஹிகானிடமிருந்து அது பெற்றது. அதன் பூக்காம்பிலும் சூல்தண்டிலும் மென்மயிர் உண்டு. இம்மரங்கள் யாவும் ஒட்டுக் கட்டிப் பெருக்கப்பட்ட ஒரே மரபுப் படிகள் என்பதால், ஓர் ஊரில் உள்ளவை ஏறக்குறைய ஒரே வேளையில் பூக்கின்றன. 1912-இல் டோக்கியோ நகரம் வாஷிங்டனுக்கு அனுப்பிய 3,020 மரங்களில் 1,800 இவ்வகையே.

நுண்கூறுகளை நோக்குவதால் கிடைக்கும் பயனுக்கு இரு எடுத்துக்காட்டுகள் உண்டு. ஆங்கிலேயத் தாவர ஆர்வலர் காலிங்வுட் இங்ராம், 1923-இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதித் தோட்டம் ஒன்றில், வாடும் நிலையில் இருந்த செர்ரி மரத்தில் வழக்கத்துக்கு மாறான பெரிய ஒற்றையடுக்கு வெண்பூக்களைக் கண்டு அதன் ஒட்டுக்கிளைகளை வளர்த்து வந்தார். 1926-இல் ஜப்பான் சென்றபோது, செர்ரி வல்லுநர் ஃபுனாட்சு செய்சாகு, மறைந்துபோனதாகக் கருதப்பட்ட வெண்செர்ரி ஒன்றின் பழைய ஓவியத்தைக் காட்டினார். அது தம் தோட்டத்தில் வளரும் மரமே என்பதை இங்ராம் கண்டுகொண்டார். தாய்ஹாகு எனப்படும் அவ்வகை 1932-இல் ஜப்பானுக்குத் திரும்பியது. இரண்டாவது அண்மையது. ஜப்பானின் கீ தீபகற்பத்தில் மலைச் செர்ரி என்றே எண்ணப்பட்டு வந்த சில மரங்கள், முன்கூட்டிப் பூப்பது, இலை வடிவம் முதலிய வேறுபாடுகளைக் கொண்டு, 2018-இல் குமானோ செர்ரி என்னும் புதிய இனமாக விவரிக்கப்பட்டன.

இமயமலைச் செர்ரியான புரூனஸ் செரசாய்டெஸ், பருவ விதியை மீறுவது. இலையுதிர் காலத்தில், மேகாலயாவின் சில்லாங்கில் நவம்பரை ஒட்டி, இளஞ்சிவப்பாகப் பூக்கிறது. பளபளக்கும் வளையப் பட்டையும் காம்புச் சுரப்பிகளும் இதில் நன்கு தெரியும்.

ஒட்டு மரங்களால் ஏற்படும் குழப்பம்

தோட்டச் செர்ரிகள் பெரும்பாலும் வேறொரு செர்ரியின் வேர்த்தண்டில் ஒட்டுக் கட்டப்பட்டவை. ஒட்டிய இடத்துக்கு மேலும் கீழும் பட்டையின் நிறமும் தடிப்பும் வேறுபடும். அடியிலிருந்து கிளம்பும் கன்றின் இலையைப் பறித்து ஒப்பிடுபவர், மேலே பூத்திருக்கும் மரத்தை அன்றி வேர்த்தண்டையே இனங்காண்பார். மாதிரி எடுக்கும்போது ஒட்டுக்கு மேலுள்ள கிளையிலிருந்தே எடுக்க வேண்டும்.

செர்ரி எனப் பெயர் பெற்ற பிற தாவரங்கள்

தமிழ்நாட்டில் சாலையோரத்திலும் பள்ளி வளாகங்களிலும் செர்ரி மரம் எனச் சுட்டப்படுவது பெரும்பாலும் முன்டிஞ்சியா கலபுரா ஆகும். வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த இம்மரம் தேன்பழம், சர்க்கரைப் பழம் எனவும், இலங்கையில் ஜாம் பழம் எனவும் வழங்குகிறது. இது ரோசாக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. இலை பிசுபிசுப்பான மயிர் கொண்டது. அடிப்பகுதி இரு புறமும் சமமற்றது. பழத்தைப் பிளந்தால் ஒற்றைக் கொட்டைக்கு மாறாக ஆயிரக்கணக்கான நுண்விதைகள் இருக்கும். பார்படோசு செர்ரி, சூரினாம் செர்ரி ஆகியவற்றின் இலைகள் எதிரடுக்கில் அமைவதால், கனியைப் பார்க்காமலே அவற்றை விலக்கிவிடலாம். அடுமனைகளில் கேக்கின் மேல் வைக்கப்படும் சிவப்புச் செர்ரி, இந்தியாவில் பலவேளைகளில் சாயமேற்றிச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்த களாக்காயே.

புரூனஸ் பேரினத்தின் உண்மையான உறவு ஒன்று மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் இலங்கையிலும் இருக்கிறது. புரூனஸ் செய்லானிகா எனப்படும் அது, ஆண்டு முழுவதும் இலை தாங்கும் பெருமரம். இலை விளிம்பில் பற்கள் இல்லை. பூக்கள் மிகச் சிறியவை, நடுக்காம்பில் வரிசையாக அமைந்தவை. கனி உயரத்தைவிட அகலம் மிகுந்தது. எனினும் இலையின் அடியில் சுரப்பிகளைக் காணலாம்.